பழைய லோடு வண்டி வாங்குமுன் வணிகர் பார்க்க வேண்டியவை

மளிகைக் கடைக்குச் சொந்தமாக ஒரு வண்டி என்பது இன்று ஆடம்பரம் அல்ல. மொத்தக் கடையிலிருந்து சரக்கு ஏற்றி வர ஒவ்வொரு நடைக்கும் வாடகை வண்டி பிடிக்கும் வணிகர், மாதக் கடைசியில் அந்த வாடகையைக் கூட்டிப் பார்த்தால் ஓர் ஆள் சம்பளத்தைத் தாண்டி நிற்கும். வீட்டுக்கே சரக்கைக் கொண்டுவந்து இறக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களும் பெருகிவிட்டார்கள். புது வண்டிக்கு முன்பணமும் மாதத் தவணையும் தாங்காத சிறு வணிகர்கள் பழைய வண்டியைத் தேடிப் போவது இயல்பானதே. அதில் தவறு ஒன்றும் இல்லை. வாங்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

துவரம் பருப்பு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூட்டையின் மேல்வாயைப் பார்த்து விலை பேசுவதில்லை. நடு மூட்டையில் ஊசி குத்தி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஈரம் பார்த்து, வண்டு பார்த்து, இரண்டு பருப்பைப் பல்லில் கடித்தும் பார்த்த பிறகுதான் பேச்சைத் தொடங்குகிறோம். இத்தனை சோதனை செய்கிற அதே வணிகர், இரண்டரை மூன்று லட்ச ரூபாய் வண்டியைப் புதுப் பெயின்டின் பளபளப்பைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் முன்பணம் கொடுத்து முடித்துவிடுகிறார். வண்டிக்கும் ஊசி குத்திப் பார்க்கும் முறை உண்டு. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

வெள்ளைப் பலகையா, மஞ்சள் பலகையா?

வண்டியின் இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது போக்குவரத்து வாகனமாகப் பதிவானது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் சொந்த உபயோக வாகனம். நம்மவர்கள் பலர் வெள்ளைப் பலகை ஆம்னியையோ ஈக்கோவையோ வாங்கி, பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, அரிசி மூட்டை ஏற்றுகிறார்கள். “எஃப்.சி. தொல்லை இல்லை, வரி குறைவு” என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள்.

இதில் உள்ள ஆபத்து விபத்து நடந்த பிறகுதான் தெரியும். தனியார் காருக்கான இன்சூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்தில், எந்த உபயோகத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்ற பகுதி இருக்கும். மாதிரிச் சரக்கும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர மற்ற சரக்கு ஏற்றுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. சரக்கு ஏற்றிய நிலையில் வண்டி கவிழ்ந்தால் கம்பெனி அந்த ஒரு வரியைக் காட்டிக் கை விரித்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கமும் இதற்கு ஒத்ததுதான். சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்யப்படாத வாகனமானாலும், அதில் சரக்கு ஏற்றும்போது அது சரக்கு வாகனமாகவே கருதப்படும். ஆகவே கடைச் சரக்குக்கென்று வாங்குவதானால், சரக்கு வாகனமாகப் பதிவான வண்டியையே வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் அதுவே சரி என்பது என் கருத்து.

மஞ்சள் பலகை என்றதும் பர்மிட் பயம் வேண்டாம். மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்த்து, 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்கு பர்மிட் தேவை இல்லை என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. டிரைவர் லைசென்ஸ் பற்றிய குழப்பமும் தீர்ந்துவிட்டது. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. கடைக்காரரோ அவர் மகனோ கார் லைசென்ஸை வைத்துக்கொண்டே குட்டி யானையை ஓட்டலாம்.

எந்த வண்டி, எவ்வளவு பாரம்?

2005-ல் டாடா ஏஸ் வந்தபிறகுதான் சிறு வணிகர் கைக்குச் சொந்த லோடு வண்டி எட்டியது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின் கொண்ட அந்தப் பழைய மாடல்கள் இன்றும் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. ஆம்னி 1984-ல் மாருதி வேன் என்று வந்தது, 2019-ல் உற்பத்தி நின்றது. 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலீரோ பிக்அப் ஆகியவை அடுத்த பெரிய அளவு.

வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். 2022-ல் 25 கிலோ வரையிலான பையில் அடைத்த அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்தபிறகு நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் 26 கிலோ மூட்டைதான். அப்படி 28 மூட்டை ஏற்றினால் 728 கிலோ. பழைய ஏஸின் அனுமதிக்கப்பட்ட பாரம் சுமார் முக்கால் டன். அதாவது அரிசி மட்டும் 28 மூட்டை ஏற்றினாலே வண்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எண்ணெய் டின், சர்க்கரை, பருப்பு என்று சேர்த்து ஒரே நடையில் கொண்டுவர நினைப்பவர் அடுத்த அளவு வண்டியைப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் வெறும் வண்டி எடையும் மொத்த எடையும் எழுதியிருக்கும். இரண்டையும் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். புரோக்கர் “ஒன்றரை டன் தாராளமாக இழுக்கும்” என்பார். இழுக்கும் என்பது உண்மைதான். அப்படி இழுத்த வண்டியைத்தான் இப்போது உங்களுக்கு விற்கிறார்கள்.

அந்த வண்டி முன்பு எந்தத் தொழிலில் ஓடியது என்பதைக் கேட்காமல் இருக்காதீர்கள். தண்ணீர் கேன் வண்டி என்றால் யோசியுங்கள். 20 லிட்டர் கேன் 50 ஏற்றினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன் ஆகிறது. பாரம் ஒரு பக்கம், நாள் முழுவதும் சொட்டும் ஈரம் இன்னொரு பக்கம். மீன் வண்டியும் உப்பு வண்டியும் அதைவிட மோசம். உப்புத் தண்ணீர் தரைத் தகட்டின் மடிப்புகளுக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் அரித்திருக்கும். துணிக்கடை, மருந்துக் கடை, பிஸ்கட் ஏஜென்சி ஆகியவற்றில் ஓடிய வண்டி கிடைத்தால் கிலோமீட்டர் சற்று அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சரக்குகள் இடத்தை அடைக்குமே தவிர வண்டியை முறிக்காது.

யாரை அழைத்துப் போவது?

உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கை. விற்பவரின் மெக்கானிக்கை அல்ல, புரோக்கர் கூட்டி வருபவரை அல்லவே அல்ல. வாங்கப் போகும் மாடலில் தினமும் கை வைக்கிறவராக இருக்க வேண்டும். அவருடைய அரை நாள் வேலைக்கு உரிய கூலியை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அந்தக் கூலி உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வியாபாரம் முடிந்தால்தான் காசு என்ற நிலையில் இருப்பவர் குறையைச் சொல்லத் தயங்குவார். இது மனித சுபாவம்.

நேரத்தையும் நீங்களே குறியுங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். “நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டிலோ இன்ஜின் மூடியிலோ கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். மழையில், மாலை இருட்டில், ஷெட்டின் டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டி பார்க்காதீர்கள். நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

“இன்னொரு பார்ட்டி பத்து மணிக்கு அட்வான்ஸோடு வருகிறார்” என்பது இந்தத் தொழிலில் தினமும் சொல்லப்படும் வசனம். வந்தால் வரட்டும், அவர் கொண்டு போகட்டும்.

முதலில் சேஸிஸ்

காரானாலும் லோடு வண்டியானாலும் இன்ஜினைச் செலவழித்துச் சரி செய்துவிடலாம். வளைந்த சேஸிஸைச் சரி செய்தாலும் அது பழைய சேஸிஸ் ஆகாது. எனவே முதலில் தரையில் குனிந்து அடியில் பாருங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்தால் இன்னும் நல்லது.

சேஸிஸ் சட்டத்தில் புதிய வெல்டிங் தடம், ஒட்டுத் தகடு, ஓர் இடத்தில் மட்டும் அடர்த்தியாகப் பூசிய கறுப்புப் பெயின்ட் இவை இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. பட்டைச் சுருளில் கூடுதல் பட்டை சேர்த்திருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் பட்டை என்பது அதிக பாரம் ஏற்றியதற்கு விற்பவரே எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதம். பட்டையில் விரிசல் இருக்கிறதா, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்திவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தால் சாய்வு கண்ணுக்கே தெரியும்.

லோடு பாடியின் தரையில் ரப்பர் விரிப்போ பிளைவுட் பலகையோ போட்டிருந்தால் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். ஆம்னி, ஈக்கோ போன்ற வேன்களில் சேஸிஸ் தனியாக இல்லை, பாடியே எலும்புக்கூடு. அங்கே தரைத் தகடு துருவேறியிருந்தால் அது அழகுக் குறை அல்ல, உறுதிக் குறை. நகரும் கதவின் தண்டவாளம் நேராக ஓடுகிறதா என்று இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள். பக்கவாட்டில் அடிபட்ட வேனில் கதவு ஓரிடத்தில் சிக்கும்.

பெயின்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோடு வண்டியில் கீறலும் நசுங்கலும் இருப்பது இயற்கை, அது நேர்மையின் அடையாளம். ஆறு வருட லோடு வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடிகளின் மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும். எல்லாம் ஒரே முத்திரையாக இருந்து ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் அச்சாகியிருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. டயர் கோடு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் நான்கு டயரின் விலையை வண்டி விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் டயரில் குறை இல்லை, முன் அச்சில் குறை.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையிலும் அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. அவை எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து வெளியூர்ச் சந்தைக்கு வந்தவையும் உண்டு.

இதற்கு எளிய சோதனைகள் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கடைசி ஒரு முழம் பெட்டிக்குள் சுருண்டிருப்பது, அதை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். அங்கே வண்டல் கறை தெரிந்தால் போதும். இருக்கையின் அடியில் தண்டவாளத்தில் துரு, மிதியடிக்குக் கீழே உள்ள பஞ்சில் ஊமை வாடை, ஹெட்லைட்டுக்குள் நீர்ப்படலம், ஃபியூஸ் பெட்டியின் செம்பு முனைகளில் பச்சைப் பூப்பு ஆகியவை மற்ற தடயங்கள். மூழ்கிய வண்டி வாங்கிய அன்று நன்றாகத்தான் ஓடும். ஆறு மாதத்தில் ஒயரிங் ஒவ்வொன்றாகக் கழன்று கொள்ளும், அதற்கு முடிவே இராது.

இன்ஜின்

இது மெக்கானிக்கின் வேலை. ஆனாலும் அவர் என்ன பார்க்கிறார் என்று நமக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

ஆறிய இன்ஜின் ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் வரும் புகையைப் பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. முடுக்கும்போது கரும்புகை கொட்டினால் டீசல் சரியாக எரியவில்லை, பம்ப் அல்லது இன்ஜெக்டர் கோளாறு. குளிர்ந்த காலையில் சில நொடிகள் வெண்புகை வருவது குற்றமில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறதோ என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலோ பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். லேசான ஆவி இருக்கும். குபுகுபுவென்று புகை தள்ளினால் நம் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்வது அதுதான், ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க நேரும் செலவை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும் சென்சார்களும் அதிகம், அவற்றின் விலையும் அதிகம். இவற்றுக்கு ஸ்கேனர் கருவி மாட்டிப் பார்ப்பது அவசியம். ஸ்கேனர் மாட்டுமுன் சாவியை மட்டும் திருப்பி டேஷ்போர்டைக் கவனியுங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து பிறகு அணைய வேண்டும். இன்ஜின் விளக்கு ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல, விளக்கின் இணைப்பை எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

கிலோமீட்டர் மீட்டரை நம்பி விலை பேச வேண்டாம். அதைக் குறைத்துக் காட்டுவது சுலபம். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பரும் ஸ்டியரிங் வளையமும் கியர் தலையும் பொய் சொல்லாது. 40,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் மிதி ரப்பர் வழுக்கையாக இருந்தால் மீட்டர் சொல்வது வேறு கதை. கம்பெனி சர்வீஸ் செய்த வண்டியானால் அந்த சர்வீஸ் பில்களைக் கேளுங்கள், தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்கும்.

பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்

இதை அநேகமாக யாரும் செய்வதில்லை. வெறும் வண்டியை ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு “நன்றாக இருக்கிறது” என்று திரும்புகிறோம். நாம் வாங்குவது பாரம் சுமக்க, வெறுமனே ஊர் சுற்ற அல்ல. நம்மிடம் மூட்டைகளுக்குப் பஞ்சமா? இருபது அரிசி மூட்டையை ஏற்றுங்கள், 520 கிலோ ஆகிறது. பக்கத்தில் உள்ள மேம்பாலமோ ஏற்றமோ பார்த்து ஓட்டுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் அதுவே ஒரு பதில்.

ஏற்றத்தில் இன்ஜின் வேகம் கூடுகிறது, வண்டி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இதை நின்ற இடத்திலும் சோதிக்கலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் மாற்றும் செலவு நிச்சயம். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் ‘ஊங்’ என்று இழுக்கும் சத்தம் வந்தால் பின் அச்சில் கிரவுன் பினியன் தேய்ந்திருக்கலாம். சத்தமில்லாத சாலையில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். புரோக்கர் பேச்சை நிறுத்தச் சொல்வதும் இதில் அடக்கம்.

ஆள் நடமாட்டமில்லாத நேர்ச் சாலையில் பிரேக்கை அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பாரத்தோடு வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங்கில் தளர்ச்சி அதிகமாக இருந்தால் முன்பக்க மூட்டுகள் தேய்ந்துவிட்டன. திரும்பி வந்ததும் மூட்டையை இறக்குமுன் இன்ஜினுக்கு அடியில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் சொல்லும் செலவை எதிரே போட்டுக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு விற்பவர் 2,80,000 ரூபாய் கேட்கிறார், டயர், கிளட்ச், பேட்டரி, பட்டைச் சுருள் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாளை எதிரே வைத்துப் பேசினால் பேரம் வேறு மாதிரி நடக்கும். “கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று கெஞ்சுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

காகிதங்கள்

வண்டியில் குறை இருந்தால் பணம் போகும். காகிதத்தில் குறை இருந்தால் வண்டியே போகும்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது, எந்தக் கம்பெனியின் கடன் பதிவாகியிருக்கிறது என்ற விவரங்களைப் பார்க்கலாம். போலீஸ் அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்றும் தனியே பாருங்கள். விற்பவர் காட்டும் ஜெராக்ஸை நம்பி இதை விட்டுவிட வேண்டாம்.

கடன் பதிவு இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும், கடன் நீக்கத்துக்கான படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. “கடைசி இரண்டு தவணைதான் பாக்கி, உங்கள் பணத்தில் கட்டிவிட்டு எடுத்துத் தருகிறேன்” என்பார்கள். அப்படியானால் அந்தத் தொகையைக் கம்பெனியின் கணக்கில் நீங்களே நேராகக் கட்டுங்கள். தவணை கட்டாததால் பைனான்ஸ் கம்பெனி எடுத்துவந்த வண்டி மலிவாகக் கிடைக்கும். அதில் ஆர்.சி. இன்னும் கடன் வாங்கியவர் பெயரிலேயே இருந்தால், கம்பெனி படிவம் 36 மூலம் தன் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் என்ற உறுதியை எழுத்தில் வாங்குங்கள்.

எஃப்.சி. விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். சரக்கு வாகனத்துக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியான வண்டிக்குச் செல்லத்தக்க பதிவே இல்லை என்றுதான் சட்டத்தின் 56-வது பிரிவு கருதுகிறது. அடுத்த மாதம் எஃப்.சி. முடியும் வண்டி விற்பனைக்கு வந்தால், ஏன் இப்போது விற்கிறார் என்று யோசியுங்கள். 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு எஃப்.சி., பதிவுப் புதுப்பிப்புக் கட்டணங்கள் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தப்பட்டன என்பதால் மிகப் பழைய வண்டியின் மலிவு விலை மலிவே அல்ல.

புதுச்சேரி மற்றும் வெளிமாநில எண் கொண்ட வண்டிக்கு அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28) வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். இரண்டையும் விலையில் கழிக்காமல் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள் படிவம் 31 மூலம் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே விற்க முடியும்.

டீலரிடம் வாங்குகிறவர்கள் அவருடைய அங்கீகாரச் சான்றைக் கேட்கலாம். பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பணம் கொடுக்கும் முறை

ரொக்கமாக முடித்துவிடலாம் என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். வருமான வரிக் கணக்கு எழுதும் வணிகர் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கும் சொத்தில், அந்த ரொக்கத் தொகை தேய்மானக் கணக்கில் சேராது. மூன்று லட்சத்துக்கு வண்டி வாங்கி ஒரு பைசா தேய்மானம் எழுத முடியாமல் போகும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாகப் பெறுவது விற்பவருக்கும் தடை செய்யப்பட்டது. வங்கி மூலமே கொடுங்கள். விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் முறையான பில் கேட்டு வாங்குங்கள். வண்டி கடையின் பெயரில் பதிவாக வேண்டுமா, உங்கள் பெயரிலா என்பதை முன்பணம் கொடுக்குமுன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெயர் மாற்றம், இன்சூரன்ஸ்

நம் வட்டாரத்தில் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிய படிவம் 29, 30 இவற்றை வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே மூன்று நான்கு கை மாறும் வண்டிகள் ஏராளம். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று இரண்டு வருடம் ஓட்டுகிறார்கள். சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும்.

வாங்கியவருக்கு என்ன நஷ்டம்? எதிர்த் தரப்பாருக்கான இன்சூரன்ஸ் வண்டியோடு கூடவே வரும். ஆனால் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே தீர்ப்பளித்துவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’ அவருக்கே சொந்தம், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட நேரும்.

விற்றவருக்கு வரும் ஆபத்து இன்னும் பெரிது. 2007-ல் ஒருவர் காரை விற்றார். அது பெயர் மாறாமலே கை மாறிக் கை மாறிப் போனது. 2009-ல் இன்சூரன்ஸ் இல்லாத நிலையில் விபத்தில் சிக்கியது. யார் இழப்பீடு கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், அவரே பொறுப்பு. விற்று எத்தனையோ காலம் ஆகியும், அந்த வண்டியைக் கண்ணால் கூடப் பார்க்காதவர் தலையில் அந்தப் பாரம் விழுந்தது.

நம்மில் பெரும்பாலோர் ஒரு வண்டியை வாங்கும்போது இன்னொன்றைத் தள்ளிவிடுகிறோம். எனவே இரண்டு பக்கத்துக்கும் ஒரே நடைமுறை வைத்துக்கொள்வது நல்லது. பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறும் வரை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். படிவங்களில் வாங்குபவர் பெயரையும் தேதியையும் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், போட்டதை நகல் எடுத்து வையுங்கள். சாவி கை மாறும்போது ஒரு டெலிவரி ரசீது எழுதி, அதில் தேதியோடு மணியையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் குறித்து, இருவரும் சாட்சியோடு கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு முந்திய சலான் விற்றவருக்கு, பிந்தியது வாங்கியவருக்கு என்று தீர்க்க அந்த மணிக் குறிப்பு ஒன்றுதான் உதவும்.